நொதியை அடைக்கும் மருந்து நொதியைக் காப்பாற்றும் விந்தை

"மரபணுவிலேயே பிழை என்றால் மருந்து சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஃபேப்ரி நோயை வைத்தே பதில் சொல்கிறேன்.

செல்லுக்குள் கழிவுகளைச் சிதைக்கும் பை லைசோசோம். அங்கே ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் ஏ என்ற நொதி, சர்க்கரை ஒட்டிய ஒருவகைக் கொழுப்பை நறுக்குகிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பழுதானால் கொழுப்பு தேங்கும். இதுதான் ஃபேப்ரி நோய். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உள்ளங்கையும் பாதமும் தீயாய் எரியும். வியர்வை சரியாக வராது. பிற்பாடு சிறுநீரகமும் இதயமும் கெடும். குடும்பத்தில் பலருக்கு வந்துவிட்டால் சாபம் என்பார்கள். தந்தையிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போய், ஒரு மகனுக்கும் போகாத அளவுக்குக் கணக்குத் தெரிந்த சாபம் எது?

இந்த மரபணுப் பிழைகள், அதாவது பிறழ்வுகள் பல, நொதியின் கத்தரியை மழுக்குவதே இல்லை. நொதி என்பது அமினோ அமிலங்கள் கோத்து மடிந்த ஒரு புரதச் சங்கிலி. அதில் 215ஆம் இடத்தில் அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் வந்த நொதிக்கு நறுக்கத் தெரியும். மடிப்புதான் கொஞ்சம் தளர்ச்சி. புரதம் மடிகிற இடத்தில் செல் கடுமையாகச் சோதிக்கிறது. தளர்ந்ததைப் பிடித்துவைத்துச் சிதைத்துவிடுகிறது. வேலை தெரிந்தவனை, சட்டைப் பொத்தான் சரியில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது போல.

1999இல் ஃபான், இஷி, அசானோ, சுசுகி ஆகிய ஆய்வாளர்கள் காட்டியது இதற்கான குறுக்குவழி. கேலக்டோஸைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு சிறு மூலக்கூறு, நொதியின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். சோதனைக் குழாயில் அது நொதியை முடக்கும் தடுப்பான். நோயாளிகளின் செல்களில் சிறிதளவு விட்டபோதோ நொதியின் செயல் கூடியது! அந்த வாய்க்குள் உட்கார்ந்த மூலக்கூறு தளர்ந்த மடிப்பை இறுக்கிப் பிடிக்கிறது, நொதி சோதனையைக் கடக்கிறது, லைசோசோமை அடைகிறது. அங்கே அமிலத்தன்மை அதிகம், தேங்கிய கொழுப்பும் ஏராளம். பிடி நழுவி மூலக்கூறு வெளியேற, கத்தரி வேலையைத் தொடங்குகிறது. எனக்கு இதில் அலுப்பே தட்டுவதில்லை. தடுப்பானை மருந்தாக்கப் பணம் கேட்டால் எத்தனை நிதிக்குழுக்கள் சிரிக்காமல் கேட்டிருக்கும்?

அந்த மூலக்கூறுதான் மிகலாஸ்டாட். ஐரோப்பாவில் 2016இலும் அமெரிக்காவில் 2018இலும் அனுமதி பெற்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே ஒரு காப்ஸ்யூல். இடைப்பட்ட நாளில் தடுப்பான் உடலிலிருந்து குறைந்து, நொதிக்கு வழிவிடும்.

எல்லாருக்கும் இது பலிக்காது. மரபணு பாதியில் முறிந்து புரதமே உருவாகாவிட்டால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு பிறழ்வையும் ஆய்வகத்தில் வளரும் செல்களில் புகுத்தி, மருந்து விட்டதும் நொதியின் செயல் கூடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். கூடாத பிறழ்வு உள்ளவர்களுக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நொதியையே ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள்.