கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? தெர்மல் பேஸ்ட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"சூடாகுது, ஹேங் ஆகுது." சர்வீஸுக்கு வரும் டெஸ்க்டாப் பலவற்றுடன் சேர்ந்து வரும் புகார் இது. இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணி, ஃபேனை மாற்றி, தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசை) தடவி அனுப்பிவிடுகிறார்கள். சில நாட்களில் அதே கணினி அதே புகாரோடு திரும்பி வருகிறது.

பிராசஸருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். இப்போதைய இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அந்த வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி மந்தமாகும், மவுஸ் திக்கித் திக்கி நகரும், ஆனாலும் நகரும். அதற்கு மேலும் சூடு ஏறினால் சட்டென்று அணைந்துவிடும். மந்தம், திடீரென அணைதல் இரண்டும்தான் பிராசஸர் சூட்டின் அடையாளம். திரை சிலைபோல் நின்று, ரீசெட் பட்டனை அழுத்தும்வரை எதுவும் அசையவில்லை என்றால், முதல் சந்தேகம் ரேம், டிஸ்க், கிராபிக்ஸ், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் விழ வேண்டும். விதிவிலக்கு உண்டு: கிராபிக்ஸ் கார்டோ, மதர்போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியோ அளவுமீறிச் சூடானால் அதுவும் திரையை நிறுத்திவிடக்கூடும்.

ஹேங் ஆகி நிற்கும்போதே செய்ய வேண்டியது

அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்த வேண்டாம். அந்த இரண்டு நிமிடங்களில் கிடைக்கும் தகவல் மறுபடி கிடைக்காது. கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் உள்ளே உயிரோடு இருக்கிறது. டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கலாம், அல்லது படம் மட்டும் நின்றிருக்கலாம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை ஒருமுறை சிமிட்டி மீண்டுவிட்டால் பிரச்சினை டிரைவரிலோ கார்டிலோ இருக்கிறது. விளக்கும் மாறாமல், ஸ்பீக்கரில் ஒரே ஒலித்துணுக்கு திரும்பத் திரும்ப இரைந்துகொண்டிருந்தால் அது முழு முடக்கம். ரேமிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

மீண்டும் இயக்கியதும் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். முந்தைய முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். நீங்களே ரீசெட் அழுத்தினாலும் அது பதிவாகும். அதற்குச் சற்று முன் என்ன பதிவாகியிருக்கிறது என்பதே முக்கியம். டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153, சேமிப்பு டிரைவரின் பெயரில் 129 இருந்தால் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பாருங்கள். டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 18, 19 இருந்தால் ஹார்டுவேரே பிழையைத் தெரிவித்திருக்கிறது.

சூடு எந்த வேகத்தில் ஏறுகிறது?

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள், வெப்பநிலையை நொடிவாரியாகக் கோப்பில் எழுதிவைக்கும். வேலை இல்லாத நேரத்தில் 35 முதல் 50 டிகிரி, கடும் வேலையில் 65 முதல் 85 என்றால் பெரும்பாலான டெஸ்க்டாப்புகளுக்குக் கவலையில்லை. பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) காட்டும் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்கே பிராசஸர் மின்சேமிப்பு நிலைக்குப் போகாததால் சில டிகிரி கூடுதலாகவே தெரியும்.

உச்ச எண்ணைக் காட்டிலும் அது எப்படி ஏறுகிறது என்பதே கோளாறைச் சொல்லும். பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 போல ஒரு சோதனையை ஓட்டுங்கள். சில நொடிகளிலேயே 95ஐத் தொட்டால் பிராசஸருக்கும் அதன் மேலுள்ள ஹீட் சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடையே பெரும்பாலும் தொடர்பு சரியில்லை: ஹீட் சிங்கைப் பிடித்திருக்கும் பின் கழன்றிருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது புதிய ஹீட் சிங்கின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலே பொருத்தியிருப்பார்கள். லிக்விட் கூலர் என்றால் பம்ப் நின்றிருக்கலாம். அப்போது பிராசஸர் கொதித்தாலும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கும். மாறாக, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டமோ தூசியோ காரணம். உறுதி செய்ய எளிய வழி, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுவது. பத்து டிகிரி வரை இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று போகவில்லை. அசையவே இல்லையென்றால் ஹீட் சிங்கைத்தான் கழற்ற வேண்டும்.

இன்டெல் பிராசஸரோடு பெட்டியில் வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்றுபோவது மிகச் சாதாரணம். கணினியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிய பிறகு சூடாகத் தொடங்கியதென்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மாட்டும்போது எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டைச் சேர்த்து, 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். போர்டின் பின்புறம் நான்கு துளைகளிலும் பிளாஸ்டிக் கால்கள் விரிந்து, நடுவே குச்சி தெரிய வேண்டும்.

ஏஎம்டியின் ஏஎம்4 வகை சாக்கெட் உள்ள போர்டில் ஆபத்து வேறு. காய்ந்த பேஸ்ட் பசைபோல் இறுகி, ஹீட் சிங்கை நேராகத் தூக்கினால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடும். கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, இளகிய பிறகே தூக்குங்கள்.

பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் இரு பரப்பிலும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். புதியது நடுவில் ஒரு மிளகு அளவு போதும். இரு உலோகப் பரப்புகளின் நுண்ணிய பள்ளங்களை நிரப்புவதுதான் அதன் வேலை. கெட்டியாக அப்பினால் அதுவே வெப்பத்துக்குத் தடையாகும்.

தூசி

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தபின் தொடங்குங்கள். ஃபேன் இறக்கைகளைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கம்பளித் துண்டுபோல் இறுகிய தூசி ஃபேனுக்கு அடியில், ஹீட் சிங்க் தகடுகளின் மேல் ஒளிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணில் படும். காற்று அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுமீறிச் சுழன்றால் பேரிங் கெடும். அழுத்தக் காற்று அடைத்த டப்பாவைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் திரவம் போர்டின் மேல் தெறிக்கும். வேக்குவம் கிளீனரின் முனையைப் போர்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள்.

கேபினெட் ஃபேன்கள் முன்னாலிருந்து உறிஞ்சிப் பின்னால் தள்ள வேண்டும். ஃபேனில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் வேலை இல்லாதபோது சுற்றாமல் நிற்பது பல மாடல்களில் இயல்பு.

சூடு சரி, ஆனாலும் ஹேங் ஆகிறது என்றால்

பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயங்கினால் முதலில் அணைத்துப் பாருங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை பென்டிரைவில் ஏற்றி, குறைந்தது நான்கு சுற்று, முடிந்தால் இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். நல்ல ரேமும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் தோற்றால் கோளாறு போர்டில்.

டிஸ்க்கின் நலத்தைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 ஆகிய வரிகளின் மூல எண் (Raw Values) பூஜ்யமாக இல்லையென்றால் எந்தச் சரிபார்ப்பையும் ஓட்டும் முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். தேய்ந்த டிஸ்க்கை முழுவதும் படிக்கவைக்கும் சோதனையே அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம். சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் பெரும்பாலும் நல்லது. சாட்டா கேபிளை மாற்றுங்கள். அந்த எண் குறையாது, மேலும் கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கேம் தொடங்கியதும் நின்றுபோனாலோ தானே ரீஸ்டார்ட் ஆனாலோ எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். அது தரும் 12 வோல்ட் மின்சாரம் 11.4க்கும் 12.6க்கும் இடையே, 5 வோல்ட் மின்சாரம் 4.75க்கும் 5.25க்கும் இடையே இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்பாமல், கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள், நன்றாக இயங்கும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே மேல். பழைய போர்டுகளில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எது செய்த பிறகும் பக்கத் தகட்டை மூடிவிட்டு, முதலில் ஓட்டிய அதே சோதனையை அரைமணி நேரம் ஓட்டி, புதிய பதிவைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ரேம், கேபிள், பேஸ்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், கோளாறு திரும்பும்போது எங்கிருந்து தொடங்குவதென்றே தெரியாது.