பிரெஸ்பயோபியா – வெள்ளெழுத்து

நாற்பது வயதை ஒட்டி, கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கத் தொடங்கும் நிலைக்கு பிரெஸ்பயோபியா என்று பெயர். கிரேக்கத்தில் 'பிரெஸ்பிஸ்' முதியவர், 'ஓப்ஸ்' கண். இதை அப்படியே பெயர்த்து 'மூப்புப் பார்வை' என்று எழுதுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. 'வெள்ளெழுத்து' நம்மிடம் முன்பே இருக்கிறது. மலையாளத்திலும் இதே சொல்தான்.

வெண்மை + எழுத்து. 'வெள்ளாடு' போலப் புணர்ந்தது. எழுத்து வெளுத்துத் தெரிவது என்று பொருள். ஒளியியல்படியும் இது சரி. குவியம் விழித்திரையில் விழாதபோது மெல்லிய கருங்கோட்டின் விளிம்பு பரவுகிறது, தாளின் வெண்மை அதில் கலக்கிறது, கறுப்பு சாம்பலாகிறது. தலைப்பு எழுத்து தப்பிவிடும், மாத்திரை அட்டையின் பொடி எழுத்துதான் முதலில் போகும்.

பேச்சு வழக்கில் 'சாளேஸ்வரம்' என்பதும் உண்டு. ஈஸ்வரனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்துஸ்தானியில் நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்'தான் இப்படித் திரிந்தது. கன்னடத்தில் 'சாளீசு'. தெலுங்கின் 'சத்வார'மும் வடமொழி நாற்பதிலிருந்து வந்ததே.

ஏன் நாற்பது? கிட்டத்தில் பார்க்கும்போது சிலியரி தசை சுருங்கும், விழிவில்லையைப் பிடித்திருக்கும் இழைகள் தளரும், வில்லை புடைத்துக் கூடுதல் பவர் தரும். பாடநூல்கள் இதை விழி ஏற்பமைவு என்கின்றன. வயது ஏற ஏற வில்லை விறைத்துப்போவதால் தசை இழுத்தாலும் அது புடைப்பதில்லை. ஒருவருக்குக் குறைந்தது எவ்வளவு ஏற்பமைவு இருக்க வேண்டும் என்பதற்குக் கண் பரிசோதகர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு: 15-லிருந்து வயதில் கால் பங்கைக் கழிக்க வேண்டும். நாற்பதில் அது 5 டயாப்டர் (பவரின் அலகு; 1-ஐ மீட்டரில் உள்ள தொலைவால் வகுத்தால் வருவது). அதில் பாதியைத்தான் களைப்பில்லாமல் தொடர்ந்து பயன்படுத்த முடியும், அதாவது 2.5. புத்தகத்தை 40 செ.மீ. தொலைவில் வைத்துப் படிக்கத் தேவைப்படுவதும் சரியாக 2.5. அதன்பிறகு பற்றாக்குறைதான், கை நீள்கிறது. மங்கிய விளக்கில் கண்மணி விரிந்து குவிய ஆழம் (ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியும் தொலைவின் வீச்சு) குறைவதால், பகலில் படிக்க முடிந்தது இரவில் முடியாது.

இதைத் 'தூரப்பார்வை' என்று சொல்வது பரவலான பிழை. தூரப்பார்வை, அதாவது ஹைப்பர்மெட்ரோபியா, விழியின் நீளம் குறைவதாலோ பவர் போதாமையாலோ வருவது, குழந்தைக்கும் இருக்கும். தூரப்பார்வை உள்ளவருக்கு வெள்ளெழுத்து சீக்கிரமே தெரியவரும். கிட்டப்பார்வைக்காரருக்கோ மறைந்திருக்கும்: −2.50 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 40 செ.மீ.யில் சுகமாகப் படிப்பார். அவருக்கு வெள்ளெழுத்து வரவில்லை என்று அர்த்தமில்லை.

கண் பரிசோதனைச் சீட்டில் 'ஆட்' (Add) என்று எழுதியிருப்பதுதான் வெள்ளெழுத்துக்கான கூடுதல் பவர். பொதுவாக 45 வயதில் +1.00 அல்லது +1.25, அறுபதைத் தாண்டினால் +2.50 அளவில் நின்றுவிடும். கண்ணாடி போட்டதால்தான் பவர் ஏறியது என்பது தவறு. போடாவிட்டாலும் வில்லை விறைக்கத்தான் செய்யும், கண் பயிற்சி அதைத் தடுக்காது.

படிக்கிற கண்ணாடியோடு கணினி முன் உட்கார்ந்து தலைவலி என்பவர்கள் ஏராளம். 60 செ.மீ. தொலைவிலுள்ள திரைக்கு மொத்தம் 1.7 டயாப்டர் அளவே போதும். +2.50 போட்டால் 40 செ.மீ.க்கு அப்பால் எல்லாமே மங்கும், உடனே முதுகு வளையும். திரைக்கு எவ்வளவு தொலைவு என்பதை அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். கடையில் தயாராகக் கிடைக்கும் கண்ணாடியில் இரு பக்கமும் ஒரே பவர், பார்வைச் சிதறலுக்கு (திசைக்குத் திசை பவர் மாறுபடும் குறை) திருத்தம் கிடையாது; இரு கண்ணும் சமமாக உள்ளவர் சிறிது நேரம் படிக்க மட்டும் அது ஆகும். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரெசிவ் வில்லையில் ஓரங்கள் மங்கல்தான்: கண்ணை மட்டும் உருட்டாமல் மூக்கைத் திருப்பிப் பாருங்கள், படி இறங்கும்போது மோவாயைத் தாழ்த்துங்கள்.

சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பவர் பார்க்க வேண்டாம். அது நிலைப்பட்ட பிறகு பார்த்தால்தான் கண்ணாடி வீணாகாது. அறுபதுக்கு மேல் ஒருநாள் கண்ணாடியில்லாமலே எழுத்து தெளிவாகத் தெரிய ஆரம்பித்தால் வெள்ளெழுத்து குணமாகவில்லை. வில்லையின் நடுப்பகுதி இறுகிக் கிட்டப்பார்வையை உண்டாக்குகிறது. கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.