சொட்டுநீர்ப் பாசனம் மிச்சப்படுத்தும் நீர் எங்கே போகிறது?

வாய்க்கால் பாசனத்திலிருந்து சொட்டுநீருக்கு மாறிய பிறகும் கிணற்று நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகலாம். காரணம் புரிய, கணக்கை வரப்போடு நிறுத்தாமல் நிலத்தடி நீர் வரை கொண்டுபோக வேண்டும். பகுதிகளைத் தனித்தனியே பார்க்காமல் அவற்றின் தொடர்புகளோடு முழுதாகப் பார்க்கும் அமைப்புச் சிந்தனையின் முதல் வேலையே இப்படி எல்லையைச் சரியாகப் போடுவதுதான்.

ஓர் உதாரணக் கணக்கு. வாய்க்காலில் பாய்ச்ச 100 கன மீட்டர் இறைக்கிறோம். பயிர் வழியே 60, மண்ணிலிருந்து நேரடியாக 10 ஆவியாகின்றன. மிச்சம் 30 கசிந்து நிலத்தடிக்கே திரும்புகிறது. நிகர இழப்பு 70. சொட்டுநீரில் அதே பயிருக்கு 67 இறைத்தால் போதும்: பயிருக்கு 60, ஆவி 3, கசிவு 4. நிகர இழப்பு 63. மீட்டர் காட்டும் மிச்சம் 33. நிலத்தடியில் மிஞ்சுவதோ வெறும் 7.

அந்த 33-ஐயும் இறைத்துச் சாகுபடிப் பரப்பை ஒன்றரை மடங்காக்கினால் நிகர இழப்பு ஏறக்குறைய 94. பழைய முறையே தேவலை! இதேபோல, நீராவி இயந்திரத்தின் எரிபொருள் சிக்கனம் கூடக்கூட மொத்த நிலக்கரிச் செலவும் கூடுவதை ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே சுட்டிக்காட்டினார்.

இதை வரைபடமாக்கும்போது நிலத்தடி நீரை இருப்பாகவும், மழைக் கசிவையும் பாசனக் கசிவையும் வரவாகவும், இறைப்பைச் செலவாகவும் போடுங்கள். இருப்புக்குக் கன மீட்டர், வரவு செலவுக்கு ஆண்டுக்கு இத்தனை கன மீட்டர் என்று அலகு இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் படம் பயன்படாது. எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போட்டு, இரண்டும் ஒரே திசையில் மாறினால் கூட்டல், எதிரெதிராக மாறினால் கழித்தல் குறி இடுங்கள். அம்புகள் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தால் அது சுழல். ஒரு சுழலில் கழித்தல் ஒற்றைப்படையில் வந்தால் அது மாற்றத்தை அடக்கும். இரட்டைப்படையிலோ, கழித்தலே இல்லாமலோ வந்தால் பெருக்கும்.

நீர்மட்டம் இறங்கினால் மின்செலவு ஏறும், இறைப்பு குறையும்: இது அடக்கும் சுழல். ஒரு கன மீட்டரை ஒரு மீட்டர் உயர்த்த, மோட்டார் இழப்பைச் சேர்க்காமலே 9.8 கிலோஜூல் வேண்டும். ஆழம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். மின்சாரம் இலவசமானால் இந்தச் சுழல் அறுந்துவிடும். கட்டுப்பாடு கொண்டுவந்தாலும் பலன் உடனே தெரியாது; மேலே விழும் மழை ஆழமான படுகையைச் சேரப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் திட்டம் தோற்றதாகக் கைவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

ஆகவே கருவிக்கு மானியம் தரும்போதே சாகுபடிப் பரப்புக்கோ, ஆவியாகிப் போகும் மொத்த நீருக்கோ உச்சவரம்பு வைக்க வேண்டும். ஆவியாவதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வயல்வாரியாக மதிப்பிட முடியும்.