மூடிய குளத்துக்குள் தண்ணீர் என்ன செய்கிறது?

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளம் ஒரு கட்டத்தில் பாரமாகிவிடும். யாரும் இறங்குவதில்லை, பராமரிப்புக்கு மட்டும் பணம் போய்க்கொண்டிருக்கும். தண்ணீரை இறைத்துவிட்டு நாலு லாரி மண்ணைக் கொட்டினால் தீர்ந்தது என்றுதான் முதலில் தோன்றும். அப்படி அவசரமாக மூடிய குளங்கள் ஓரிரு மழைக்காலங்களில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய குளத்தின் வடிவத்திலேயே தரை உள்வாங்கும். அதன்மேல் போட்ட புல் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். குளத்தை மூடும் வேலையில் மண்ணைப் பற்றி யோசிப்பதைவிடத் தண்ணீரைப் பற்றி யோசிப்பதுதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

சிக்கல் குளத்தைக் காலி செய்யும்போதே தொடங்கிவிடுகிறது. ஒரு நடுத்தரக் குளத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஒரு முனையில் ஆழம் 1 மீட்டர், மறுமுனையில் 2 மீட்டர். கொள்ளளவு 48 கன மீட்டர், அதாவது 48 டன் தண்ணீர். தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் என்றால் தொட்டியின் எடை சுமார் 35 டன். இரண்டும் சேர்ந்து 83 டன். இப்போது நிலத்தடி நீர் குளத்தின் விளிம்புவரை ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணுக்குள் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கும் இடம், சுவர்களின் கனத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 63 கன மீட்டர். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி 63 டன் அளவு விசை அதைக் கீழிருந்து மேலே தள்ளும். நிரம்பிய குளம் இதற்கு அசையாது. காலியான குளத்தின் எடையோ 35 டன்தான். விளிம்புவரைகூடப் போகவேண்டியதில்லை, தொட்டியின் ஆழமான முனையின் அடியிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீர் ஏறினாலே எடையும் விசையும் சமமாகிவிடும். அதற்கு மேல் தொட்டியைப் பிடித்துவைத்திருப்பது பக்கவாட்டு மண்ணின் உராய்வு மட்டுமே. அதுவும் போதாதபோது முழுக் குளமும் தரையைப் பிளந்துகொண்டு கப்பல் மாதிரி எழும்பிவிடும். ஃபைபர்கிளாஸ் தொட்டி மிக இலேசானது என்பதால் இன்னும் எளிதாகக் கிளம்பும்.

தண்ணீர் போனபின் சுவர்களுக்கும் ஆபத்து உண்டு. வெளியே இருக்கும் மண் சுவரை உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. இதுவரை உள்ளே இருந்த நீர் அதே சுவரை வெளிநோக்கி அழுத்திச் சமன்செய்து வந்தது. ஒரு பக்கத்து அழுத்தம் நீங்கினால் பலவீனமான சுவர் உள்ளே சாயும், விரிசல் விடும். அதனால் மண் உலர்ந்திருக்கும் பருவத்தில்தான் குளத்தை இறைக்க வேண்டும். இறைத்தபின் நாள்கணக்கில் திறந்து போட்டுவைக்கக் கூடாது. பல குளங்களின் அடியில் ஒரு நீரழுத்த வால்வு இருக்கும். வெளியே நீரழுத்தம் மிகும்போது அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும். பழைய குளங்களில் அது துருவேறி அடைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதை நம்பி இறங்குவது சரியல்ல.

இறைக்கும் நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும். மீன்களுக்கு இதில் மிகச் சிறு பங்கே நஞ்சு. மருந்து போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டால் புற ஊதாக் கதிர் குளோரினைச் சிதைத்துவிடும். குளோரின் நீடிக்கவென்று சயனூரிக் அமிலம் கலந்திருந்தால் இது மெதுவாகத்தான் நடக்கும். எனவே சோதித்துப் பார்த்தே வெளியேற்ற வேண்டும். உப்பு நீர்க் குளமானால் தோட்டத்தில் விடவே கூடாது. சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும். பிரிந்த துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, நீர் இறங்காத நிலமாகிவிடும்.

மின் இணைப்பையும், ஹீட்டருக்கு எரிவாயுக் குழாய் இருந்தால் அதையும், உரிய ஆட்களைக் கொண்டு துண்டித்தபின் இடிப்பு தொடங்கும். இதில் இரண்டு வழிகள் உண்டு. கான்கிரீட் முழுவதையும் பெயர்த்து அகற்றிவிட்டு மண் நிரப்புவது ஒன்று. செலவு அதிகம், பின்னால் தொல்லை குறைவு. சுவர்களின் மேற்பகுதியை அரை மீட்டருக்கு மேல் இடித்து, தரையில் துளைகள் போட்டு, மீதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவது மற்றொன்று. பெரும்பாலோர் இந்த இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தவறாகப் போவதும் பெரும்பாலும் இதுதான், அந்தத் துளைகளைப் பொருட்படுத்தாததால்.

துளை போடாத தொட்டிக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாகக் கெட்டிப்படுத்திய மண்ணிலும் காற்று நிற்கும் இடுக்குகள் இருக்கும். அது மொத்தக் கன அளவில் பத்தில் ஒரு பங்கு என்றால், நம் குளத்தில் 4.8 கன மீட்டர். குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். ஆகவே 15 சென்டிமீட்டர் மழை உள்ளே இறங்கினாலே எல்லா இடுக்கும் நிரம்பிவிடும். வெளியேற வழியில்லாத அந்த நீர் ஆவியாகியோ வேர்கள் உறிஞ்சியோதான் குறைய வேண்டும். அதுவரை புல்லின் வேருக்குக் காற்று கிடைக்காது, மண்ணுக்குப் பாரம் தாங்கும் வலு இருக்காது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குளம் குளமாகவே இருக்கிறது.

எனவே தரையில், குறிப்பாக ஆழமான முனையில், அகலமான துளைகளை அடிமண் தெரியும்வரை உடைக்க வேண்டும். உடைத்த பிறகு ஹோஸ் குழாயால் தண்ணீர் விட்டு அது வடிகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். மணற்பாங்கான நிலமானால் கண்முன்னே இறங்கிவிடும். அடியில் களிமண் இருந்தால் எத்தனை துளை போட்டாலும் தேங்கித்தான் நிற்கும். அங்கே ஜல்லி பரப்பி, தாழ்வான இடத்துக்கு வடிகுழாய் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை. இந்தத் துளைகளால் இன்னொரு நன்மையும் உண்டு. நிலத்தடி நீர் ஏறினால் அது உள்ளே வந்துவிடும், தொட்டியைத் தூக்காது.

உடைத்த கான்கிரீட்டை அடியில் பரப்புவது வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் உடைசல்களுக்கு இடையில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இருக்கும். அதன்மேல் நேரடியாக மண்ணைக் கொட்டினால் ஒவ்வொரு மழையிலும் நுண்ணிய துகள்கள் நீரோடு இறங்கி அந்த இடைவெளிகளுக்குள் போய்ச் சேரும். மேலே ஒன்றும் தெரியாது. நடுவில் ஒரு பொந்து உருவாகிச் சிறுகச் சிறுக மேல்நோக்கி வளரும். ஒருநாள் தரை பொக்கென்று உள்ளே விழும். இதைத் தடுப்பது மிக எளிது: பெரிய துண்டுகளைச் சிறிதாக உடைத்து, இடைவெளியைச் சரளையால் நிரப்பி, அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் என்னும் வடிகட்டித் துணியை விரித்துவிட வேண்டும். அது நீரை விடும், மண்ணை விடாது. மொத்தச் செலவில் அந்தத் துணியின் பங்கு சொற்பம். அதைப் போய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி மண். தோண்டியெடுத்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று தாறுமாறாகச் சாய்ந்து நிற்கும். இலேசான ஈரம் அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும். முதல் பெருமழையில் அந்தப் பிடி தளர்ந்து எல்லாம் சரிந்து நெருங்கும். கொட்டியபடியே விட்ட மண் இப்படிப் பத்தில் ஒரு பங்கு இறங்கினால், நம் குளத்தின் ஆழமான முனையில் தரை 20 சென்டிமீட்டர் தாழும், ஆழமில்லாத முனையில் 10 சென்டிமீட்டர். சுற்றியிருக்கும் பழைய நிலம் அசையாது. அதனால்தான் குளத்தின் வடிவம் மேலே அச்சடித்ததுபோல் தெரிகிறது.

இதற்குத் தீர்வு திமிசு அடிப்பது, அதாவது மண்ணை அடித்துக் கெட்டிப்படுத்துவது. அதிலும் ஈரத்தின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகர நீர் வழங்கல் துறையின் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர், மண் அணைகளுக்காகச் செய்த ஆய்வுகளை 1933-இல் வெளியிட்டார். ஒரே மண்ணை ஒரே அளவு அடித்தாலும், ஈரத்தைப் பொறுத்து அது வெவ்வேறு அளவுக்குக் கெட்டிப்படுகிறது என்று அவர் காட்டினார். வறண்ட மண்ணில் துகள்கள் நகர மறுக்கும். கொஞ்சம் நீர் சேர்த்தால் வழுக்கி நெருங்கும். ஒரு எல்லைக்கு மேல் நீர் சேர்த்தால் அந்த நீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீரை அழுத்திச் சுருக்க முடியாதென்பதால் அடிக்கும் அடி வீணாகும், காலடியில் மண் மெத்தைபோல் ததும்பும். இடையில் ஓர் ஈர அளவில் மண் உச்ச அடர்த்தி பெறுகிறது. அந்த உச்சத்தில் 95 விழுக்காட்டை எட்டவேண்டும் என்பது கட்டுமானத்தில் பரவலாக வைக்கும் அளவுகோல்.

ஆய்வகம் இல்லாவிட்டாலும் கையால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உதிர்ந்தால் ஈரம் போதாது. உள்ளங்கை நனைந்து மண் பிசுபிசுவென்று ஒட்டினால் ஈரம் மிகுதி. உருண்டையாக நின்று, கட்டைவிரலால் அழுத்தும்போது இரண்டு மூன்று துண்டாகத் தெறித்தால் வேலைக்கு ஏற்ற பதம்.

அடியின் விசை ஆழம் போகப்போகக் குறைந்துவிடும். முழுக்க நிரப்பிவிட்டு மேலே ரோலர் ஓட்டினால் மேல்தோல் மட்டும்தான் இறுகும். 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை கொட்டு, சமப்படுத்து, அடி, பிறகு அடுத்த அடுக்கு. மணலும் சரளையும் அதிர்வுக்கு நெருங்கும். களிமண்ணுக்குக் குத்தி அடிக்கும் எந்திரம் வேண்டும். சுவர் ஓரங்களிலும் மூலைகளிலும் பெரிய எந்திரம் எட்டாது. அங்கே கைத்திமிசால்தான் அடிக்க வேண்டும். பெரும்பாலான பள்ளங்கள் அந்த ஓரங்களில்தான் விழுகின்றன. இப்படி அடித்தால் 48 கன மீட்டர் குழிக்கு 60 கன மீட்டர் தளர் மண்கூடப் பிடிக்கலாம். மண் வாங்கும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மரக்கட்டை, வேர்க்கட்டை, இலைதழை எதையும் உள்ளே போடக் கூடாது. மக்கியபின் அவை இருந்த இடம் வெறும் பொந்தாகும். கான்கிரீட் உடைசலிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், மேலே நல்ல மேல்மண் அரை மீட்டராவது இருந்தால் செடிகளுக்கு நல்லது. பெரிய மரம் வேண்டாம். வேர் புதைந்த சுவரில் முட்டும். பாதித் தொட்டி உள்ளே இருக்கும் இடத்தில், மண் பொறியாளர் சோதித்துச் சொல்லாமல் அறையோ வாகன நிறுத்தமோ கட்டக் கூடாது. மேற்பரப்பின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி விட்டால் மழைநீர் ஓரங்களுக்கு ஓடிவிடும், பின்னால் கொஞ்சம் இறங்கினாலும் பள்ளமாகாது.

மூடுவதற்குப் பல இடங்களில் உள்ளாட்சி அனுமதி தேவை. விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லவும் வேண்டும். சுவரின் மீதி எந்த ஆழத்தில் இருக்கிறது, துளைகளும் வடிகுழாயும் எங்கே என்று அளவுகளோடு ஒரு வரைபடம் போட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் எடுத்த புகைப்படங்களோடு சேர்த்து, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.