ரேஷன்: பங்கீடா, ஒதுக்கீடா?

ரேஷன் என்றால் நமக்கு அரிசி, சர்க்கரை, பாமாயில். ஆங்கிலத்தில் மருத்துவம் பற்றி எழுதுகிறவர்கள் அதே சொல்லை வேறு இடத்தில் வைக்கிறார்கள். அரசு செலவில் நடக்கும் மருத்துவத்தில் பணம் எல்லாவற்றுக்கும் போதாது. அப்போது எந்தச் சிகிச்சை உண்டு, எது கிடையாது என்று தீர்மானிப்பதுதான் அவர்கள் சொல்லும் ரேஷனிங்.

‘ரேஷியோ’ என்ற லத்தீன் சொல்தான் மூலம். கணக்கு, அறிவு இரண்டும் அதற்குப் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், படைவீரருக்கு அளந்து கொடுக்கும் உணவுப்படியைக் குறித்தது.

தமிழில் பங்கீடு என்கிறோம். பங்கு + இடு. இடு நீண்டு ஈடு ஆனது. அரிசிக்கு அருமையான சொல். அளவு குறைந்தாலும் எல்லார் பையிலும் ஏதோ விழும். ஆனால் ஓர் இதயத்தைப் பங்கிட முடியுமா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1987இல், ஏழைகளுக்கான மெடிக்எய்ட் திட்டத்தில் பெரும்பாலான உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அடிப்படை மருத்துவம் தரலாம் என்பது காரணம். நியாயமான காரணம்தான். அதே ஆண்டு, எலும்பு மஜ்ஜை மாற்றுக்காகக் குடும்பம் நன்கொடை திரட்டிக்கொண்டிருக்கும்போதே, ரத்தப் புற்றுநோய் வந்த 7 வயதுப் பையன் இறந்துபோனான்.

அப்புறம் 1989இல் ஒரு சட்டம் வந்தது. அவசர சிகிச்சை மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்த ஜான் கிட்ஸாபர் முன்னின்றார். சிகிச்சைகளை எண் போட்டு அடுக்குவது, பட்ஜெட் தீரும் இடத்தில் கோடு போடுவது, கோட்டுக்குக் கீழே இருப்பதற்குப் பணம் இல்லை. செலவையும் பயனையும் கணக்கிட்டு 1990இல் வந்த முதல் பட்டியலில், பல்லுக்கு உறை போடுவது குடல்வால் அறுவை சிகிச்சைக்கு மேலே இருந்தது. லத்தீன் வேரில் இருந்த கணக்கு மட்டும் நின்று, அறிவு விடுபட்ட இடம் அது. திருத்தித் திருத்தி, 1994இல்தான் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்த அடுக்குதலுக்கு ‘முன்னுரிமை வரிசை’ என்ற பெயர் சரி. கோடு போடும் செயலுக்குத்தான் பங்கீடு பொருந்தவில்லை. அங்கே கோட்டுக்குக் கீழே பங்கே கிடையாது. என் தேர்வு ஒதுக்கீடு. ஒருவருக்காக இடம் ஒதுக்குகிறோம். ஒருவரை ஊரைவிட்டே ஒதுக்கியும் வைக்கிறோம். கொடுப்பதும் மறுப்பதும் ஒரே வினையில் இருக்கின்றன. நிதி ஒதுக்கீட்டோடு குழம்பாமலிருக்க, ‘சிகிச்சை ஒதுக்கீடு’ என்று சேர்த்தே எழுதலாம்.