நார்வே கப்பலுக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் கேமரா சர்வீஸ் பார்க்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போன மார்ச்சில் ஒரே வாரத்தில் மூன்று கேமரா வந்தன, மூன்றும் ஒரே கப்பலில் போய் வந்தவை. நம் மாவட்டத்திலிருந்து ஒன்பது பேர் குழுவாக நார்வேக்குப் போய், பெர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை கரையை ஒட்டியே போகும் கப்பலில் ஏறியிருக்கிறார்கள். 1893ல் தபாலும் சரக்கும் ஏற்றத் தொடங்கிய வழி அது. 34 துறைமுகம், போக வர 12 நாள். வடதுருவ ஒளியைப் (அரோரா, ராத்திரி வானத்தில் பச்சையாக அலையும் வெளிச்சம்) படம் எடுக்கத்தான் பிப்ரவரியில் போனது.

"அண்ணே, குளிரு தாங்காம போச்சு போல" என்று நீட்டினார் ஒரு தம்பி. கழற்றிப் பார்த்தால், ரிப்பன் கேபிள் சொருகும் இடத்தில் பாசி படர்ந்த மாதிரி பச்சை. வெறும் குளிருக்குப் பச்சை பிடிக்காது, ஈரம் பட்டால்தான் பிடிக்கும். மழையில் நனைந்ததா என்றேன், ஒரு சொட்டுகூட இல்லை என்றார்.

மைனஸ் பத்தில் இரண்டு மணி நேரம் டெக்கில் நின்று, கை விறைத்ததும் கேமராவைக் கழுத்தில் போட்டபடியே சூடான கேபினுக்குள் ஓடியிருக்கிறார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் நம்ம ஊர் வெக்கையில் வேர்க்கிறதே, அதேதான் நடந்திருக்கிறது. ஆனால் கேமராவுக்கு உள்பக்கமும் வேர்க்கும். அந்த ஈரத்தோடு ஆன் செய்து படம் பார்த்திருக்கிறார், தினமும் மூன்று நான்கு தடவை.

இதைத் தடுக்க ஒரு பெரிய ஜிப் லாக் கவர் போதும். டெக்கில் நிற்கும்போதே மெமரி கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் (படம் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது), கேமராவைக் கவருக்குள் வைத்து காற்றுப் புகாமல் மூடுங்கள், அப்புறம் உள்ளே போய் இரண்டு மணி நேரம் தொடாதீர்கள். வேர்ப்பதெல்லாம் கவருக்கு வெளியே வேர்த்துக் காய்ந்துவிடும். ஜாக்கெட், ஷூ, கையுறை என்று நீளமாகப் பட்டியல் கொடுத்த ட்ராவல்ஸ்காரர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். செத்துவிட்டது என்று வைத்துவிடாமல் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள், கொஞ்சம் சார்ஜ் திரும்ப வரும். விமானத்தில் உபரி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஓடும் கப்பலில் ட்ரைபாடை நம்பிப் பத்து விநாடி ஷட்டரைத் திறந்தால் நட்சத்திரம் எல்லாம் புழுவாக நெளியும். ஐஎஸ்ஓவைக் (கேமராவின் ஒளி உணரும் அளவு) கூட்டி ஒன்று, இரண்டு விநாடியில் முடியுங்கள். வடதுருவ ஒளியை எடுக்கும்போது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வளையம் வளையமாக விழும்.

உப்புச் சாரல் முட்டத்திலும் குளச்சலிலும் படம் எடுப்பவர்களுக்குப் பழகியதுதான். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் காய்ந்த துணியால்தான் லென்ஸைத் துடைக்கிறார்கள். உப்புத் துகள் கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

மூன்றாவது கேமரா ஊருக்கு வந்தபின் நான்கு நாள் அரிசி டப்பாவுக்குள் இருந்திருக்கிறது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்றது, உள்ளே முழுக்க அரிசி மாவு. தயவுசெய்து அரிசியில் போடாதீர்கள். உள்ளே ஈரம் புகுந்தது தெரிந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள், ஆன் செய்து பார்க்காதீர்கள், சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து, முடிந்த சீக்கிரத்தில் சர்வீஸுக்குக் கொண்டு வாருங்கள்.