நாய் சொல்லிவிடும், பூனை சொல்லாது

போன மாதம் ஒருநாள் காலையில் கிளினிக் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு தம்பதி வாசலில் காத்திருந்தார்கள். கணவர் கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அதன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே பூனை. பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததும் அது ஓடவில்லை, சீறவும் இல்லை. பூனை மேசைமேல் சும்மா படுத்திருந்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். முகம் பன்போல வீங்கியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

"என்ன மாத்திரை கொடுத்தீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாதான் வாயைத் திறந்தார். "உடம்பு சுட்டுது டாக்டர். பாராசிட்டமால் அறுநூத்தம்பதுல கால் மாத்திரைதான் குடுத்தோம். போன வருஷம் டைகருக்கு அரை மாத்திரையே குடுத்தோம், அதுக்கு ஒண்ணும் ஆகலையே!"

டைகர் அவர்கள் வீட்டு லேப்ரடார், 28 கிலோ. பூனை 3 கிலோ. கணக்குப் போட்டால் பூனைக்குப் போனது கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் எடைக் கணக்கு மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்கிறது, நாய்க்கும் அது ஓரளவு இருக்கிறது, பூனைக்கோ கிட்டத்தட்ட இல்லை. அதனால் மருந்து நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும், மூச்சு எவ்வளவு இழுத்தாலும் போதாது. பூனைக்கு இந்த மருந்தில் 'கொஞ்சமாகக் கொடுக்கலாம்' என்று ஓர் அளவே கிடையாது. (நாய்க்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டைகர் தப்பியது அதன் அதிர்ஷ்டம்.)

அந்தக் கால் மாத்திரைதான் இதை எழுத வைத்தது. அந்த வீட்டில் பாசத்துக்குக் குறையே இல்லை. நாய்க்குச் செய்ததையே பூனைக்கும் செய்தார்கள், அவ்வளவுதான். இருபது வருடமாக மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன், நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகளில் வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு ஊற்றுக்கண் இதுதான்.

இரண்டும் நம்மிடம் வந்து சேர்ந்த கதையே வேறு வேறு. நாய் குறைந்தது 15,000 வருடமாக மனிதனோடு இருக்கிறது, ஓநாய்க் கூட்டத்தின் வாரிசு. கூட்டமாக வேட்டையாடி, கூட்டமாகத் தின்று, கூட்டத்தில் யாருக்கு என்ன கோபம் என்று முகம் பார்த்தே பிழைத்த பிராணி. பூனை வந்தது அதற்குப் பிறகு, நாம் பயிர்செய்து தானியத்தைச் சேமித்து வைத்து, அதைத் தேடி எலி வந்தபோது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதனின் புதைகுழிக்குப் பக்கத்திலேயே தனிக் குழியில் ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004இல் கண்டு எழுதினார்கள். அதன் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடும், தனியாகத் தின்னும். சின்ன உடம்பு என்பதால் அதையே பிடித்துத் தின்னப் பெரிய மிருகங்கள் சுற்றிலும் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பிராணி நொண்டிக் காட்டினால் கதை முடிந்தது. வலியை மறைப்பது அதற்குத் திமிர் இல்லை, உயிர் பிழைக்கும் வழி.

அதனால் நாய் சொல்லிவிடும். காலில் முள் தைத்தால் காலைத் தூக்கிக்கொண்டு உங்களிடமே வரும், வயிறு சரியில்லை என்றால் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உங்கள் காலடியில் விழும். பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். நாம் "இன்னைக்கு நல்லாத் தூங்குது" என்போம். 'குர்ர்' என்று சத்தம் வந்தால் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைப்போம், ஆனால் கடும் வலியிலும் பூனை குர்ர் போடும், சாகக் கிடக்கும் பூனை என் கையிலேயே குர்ர் போட்டிருக்கிறது.

அப்போது பூனையிடம் எதைத்தான் பார்ப்பது? வழக்கத்தைப் பாருங்கள். தினமும் ஃபிரிட்ஜ் மேலே தாவுவது இப்போது ஸ்டூலில் ஏறி நின்று யோசிக்கிறதா, முடியை நக்கிப் பளபளப்பாக வைத்திருந்தது இப்போது சடைபிடித்துக் கிடக்கிறதா, மண் தட்டில் போகும் மூத்திரத்தின் அளவு கூடியதா குறைந்ததா. மாதம் ஒருமுறை எடை போடுங்கள், பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் நின்று உங்கள் எடையைக் கழித்தால் போதும். 4 கிலோப் பூனை 400 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் அது பத்தில் ஒரு பங்கு.

மூத்திரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், இதில்தான் அதிகம் பறிகொடுக்கிறேன். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. மணல்போன்ற படிகமும் சளியும் சேர்ந்து அதில் அடைத்துக்கொண்டால் சொட்டுகூட வராது. பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்காரும், முக்கும், கத்தும், அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? "மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் குடுத்துப் பார்த்தோம் டாக்டர், ரெண்டு நாளாகியும் போகல." இந்த வசனத்தை வருடத்தில் பலமுறை கேட்கிறேன். வயிற்றைத் தொட்டால் மூத்திரப்பை எலுமிச்சம்பழம்போல உருண்டு கல்லாக இருக்கும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும், ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம். கடுவன் பூனை முக்குகிறது என்றால் மணி எத்தனையாக இருந்தாலும் கிளம்புங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள்.

பூனைக்குத் தண்ணீர் குடிக்கும் வழக்கமே குறைவு, வறண்ட நிலத்துப் பரம்பரை அல்லவா! எலியின் உடம்பில் இருக்கும் ஈரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அதை ஃபிளாட்டில் அடைத்து உலர்ந்த தீனியை மட்டும் போட்டால் மூத்திரம் கெட்டிப்படாமல் என்ன செய்யும்? தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், ஈரமான உணவும் சேருங்கள். மண் தட்டையும் கணக்குப் பார்க்காதீர்கள். பூனைகள் எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாக வைப்பதுதான் நல்லது. அதை நாய் எட்ட முடியாத இடத்தில் வையுங்கள், காரணத்தை நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நாய்க்குப் பூனையின் மலம் தின்பண்டம்.

சாப்பாட்டுக்கு வருவோம். "எங்க பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதம் தின்னே பதினஞ்சு வருஷம் இருந்துது" என்று யாராவது சொல்லாத வாரமே இல்லை. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டதா? ராத்திரி ஓட்டுமேலே ஏறிப்போய் எலி, பல்லி, ஓணான், குருவிக்குஞ்சு என்று தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொண்டது. மூன்றாவது மாடியில் வலை அடித்த பால்கனிக்குள் இருக்கும் உங்கள் பூனைக்கு நீங்கள் தட்டில் வைப்பதுதான் உலகம். டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது, பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைப்பது. நாயின் உடம்பு அதைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதிய அளவு முடியாது. அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயம் வீங்கித் தளர்ந்துவிடும். 1987 வரை இந்த இதயநோய்க்குக் காரணம் தெரியாமலே பூனைகள் செத்துக்கொண்டிருந்தன. காரணம் டாரின் குறைபாடு என்று அமெரிக்காவில் கண்டுபிடித்த பிறகுதான் பூனைத் தீனியில் அதைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நாய்த்தீனியைப் பூனைக்குப் போட்டு வளர்க்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நாய் வேறு ரகம். நம்மோடு சோறு தின்று தின்று மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் ஓநாயைவிட அதற்கு நன்றாகவே கூடிவிட்டது, மரபணுவிலேயே அந்த மாற்றம் இருக்கிறது என்று 2013இல் காட்டினார்கள். சோறும் முட்டையும் கோழியும் சேர்த்துப் போட்டுச் சமாளிக்கலாம். இனிப்பு என்றால் நாய் உயிரை விடும், பூனைக்கு இனிப்பே தெரியாது, அந்தச் சுவையை உணரும் மரபணு அதில் பழுதாகிக் கிடக்கிறது. பாயசக் கிண்ணத்தில் பூனை வாய்வைத்தால் அது வந்தது பாலுக்காக, சர்க்கரைக்காக அல்ல. அந்தப் பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றால் போகவைக்கும்.

நாய் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தால் நான் உடனே பதற மாட்டேன், மற்றபடி சுறுசுறுப்பாக இருந்தால் மறுநாள் பார்க்கலாம். (குட்டி நாய் என்றால் இது பொருந்தாது. வாந்தியும் ரத்தமாகப் பேதியும் என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், உடனே வாருங்கள்.) பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது அப்படி இல்லை, அதுவும் குண்டுப் பூனையாக இருந்துவிட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து குவிந்து மஞ்சள்காமாலையில் கொண்டுபோய் விடும். "பசிச்சா தானா திங்கும்" என்பது பூனையிடம் செல்லாது.

குணத்தைத் தப்பாகப் படிப்பது இன்னொரு தலைவலி. நாய் தளர்வாக வாலாட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலைச் சாட்டைபோல அடித்தால் 'போதும், கையை எடு' என்று பொருள். அதைக் கொஞ்சல் என்று எண்ணித் தடவிக்கொண்டே இருக்கும் குழந்தைதான் பிறாண்டு வாங்கிக்கொண்டு அழும், பூனைக்குக் கெட்ட பெயர். நாய்க்கும் இதே சங்கடம், முன்கால் இரண்டையும் நீட்டித் தாழ்ந்து பின்புறத்தைத் தூக்கி 'விளையாட வா' என்று அது அழைக்கும்போது, பூனை அதைத் தாவப்போகும் மிருகமாகப் பார்க்கிறது. சண்டை என்று நாம் நினைப்பதில் பாதி மொழிக் குழப்பம்.

செருப்பைக் கடித்துப் போட்ட நாய், காதை மடக்கிக் குற்றவாளிபோல முழிக்கும் இல்லையா? அந்த முழியைத் தலைவாயிலிலேயே பார்த்துவிட்டு "தப்புப் பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது பாருங்க" என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முழிதான். நம் குரலுக்கும் முகத்துக்கும் அது காட்டும் பதில் அது, செருப்புக்கு அல்ல. நாலு மணி நேரத்துக்கு முன்னால் கடித்த செருப்புக்காக இப்போது அடித்தால், நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான், நீங்கள் வீட்டுக்கு வந்தால் அடி விழும். அந்த நாய் எதற்காகக் கடித்தது என்று கேளுங்கள், பாதி நேரம் பதில் தனிமையாக இருக்கும். காலை எட்டுக்குப் பூட்டி ராத்திரி எட்டுக்குத் திறக்கும் வீட்டில் நாய் வளர்க்காதீர்கள் என்று வருகிறவர்களின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். பூனையாவது தூங்கிச் சமாளிக்கும், அதுவும் விளையாட்டும் ஏறி உட்கார உயரமான இடமும் இருந்தால்தான்.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்க இன்னொன்றைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் முதல் நாளே மடியில் பிடித்து மூக்கோடு மூக்கு வைத்து அறிமுகப்படுத்தாதீர்கள். புதிதாக வந்ததை ஓர் அறையில் தனியாக விடுங்கள், ஒன்று படுத்த துணியை மற்றதன் பக்கத்தில் போடுங்கள், மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். அப்புறம் நாய்க்குக் கயிறு போட்டு, பூனைக்கு ஏறி உட்கார அலமாரியோ பரணோ காட்டிவிட்டுக் கதவைத் திறங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம், சில வீட்டில் மாதக்கணக்காகும். நட்பு வராமல் போனாலும் பரவாயில்லை, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தாலே அது வெற்றி.

இன்னொரு ஆபத்தும் இதே வகை. நாய்க்கு உண்ணி வராமல் முதுகில் விடும் சொட்டுமருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், நாய்க்குப் பாதுகாப்பானது, பூனைக்கு நஞ்சு. மிச்சமிருக்கிறதே என்று பூனைக்கும் இரண்டு சொட்டு விட்டு, உடம்பெல்லாம் வெட்டி இழுக்கும் நிலையில் கொண்டுவந்தவர்கள் உண்டு. மருந்து காயும் முன் நாயோடு ஒட்டிப் படுத்த பூனைக்கும் வரலாம். அட்டையில் என்ன மருந்து என்று படியுங்கள், புரியாவிட்டால் படம் எடுத்து உங்கள் டாக்டருக்கு அனுப்புங்கள்.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு, ரேபிஸ். நாய் கடித்தால் ஓடுகிறோம், பூனை பிறாண்டினால் மஞ்சள் வைத்துக்கொள்கிறோம். பூனையும் அந்தக் கிருமியைக் கடத்தும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம்தான், அட்டவணையில் சொன்ன எல்லாத் தேதிக்கும் போங்கள். வீட்டு நாய்க்கு வருடாவருடம் ஊசி போடுகிறவர்கள் பூனையை ஒருமுறைகூடக் கூட்டிவந்ததில்லை, "அது வெளியவே போகாது சார்" என்பார்கள். அந்தப் பூனைதான் ஒருநாள் கதவு இடுக்கில் நழுவி மூன்று நாள் கழித்துக் காயத்தோடு திரும்பும்.

சரி, அந்தக் கால் மாத்திரைப் பூனை. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்தை ஊசியாகப் போட்டு, பிராணவாயு வைத்து, இரண்டு ராத்திரி எங்கள் கூண்டிலேயே வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் ஈறில் சிவப்பு எட்டிப்பார்த்தது, என் உதவியாளர் கையைக் கடிக்கவும் வந்தது. இந்தமுறை கட்டைப்பை இல்லாமல் மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடையில், மேலே ஒரு துண்டைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரி வாடையோடு போவதால் நாய் மோந்து பார்க்கும், முதல்நாள் தனி அறையில் வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

சாயங்காலம் அந்த அம்மாவிடமிருந்து போன். "டாக்டர், கதவைச் சாத்த மறந்துட்டோம். டைகர் ஓடிப்போய் மோந்து பார்த்துச்சு. மூஞ்சியிலேயே ஒண்ணு விட்டுட்டு அலமாரி மேல ஏறிடுச்சு."

"எந்த அலமாரி?"

"பெரிசு டாக்டர். பீரோ பக்கத்துல இருக்கறது."

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.